தீ மூட்டி உக்காந்து பேசுன ஊருங்களப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோன்ல நடந்த உள்நாட்டுப் போர் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன், நல்லா தான் இருந்துச்சு, ஆனா போருக்குக் காசு குடுத்த ரத்த வைரம், கிளர்ச்சிக்காரங்களுக்கு உதவுன லைபீரியாவோட முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லர், 2012ல அவருக்கு கெடச்ச 50 வருஷ ஜெயில், அதோட முடிச்சிட்டீங்க. எனக்கு மனசு கேக்கல, அதான் இந்த லெட்டர்.

1991 மார்ச் 23ல லைபீரியா பார்டர தாண்டி ஆர்.யூ.எஃப்.ன்ற கிளர்ச்சிப் படை ஆளுங்க கைலாஹுன் மாவட்டத்துக்குள்ள நுழைஞ்சாங்க, 2002 ஜனவரில தான் போர் முடிஞ்சதுன்னு அறிவிச்சாங்க. கைலாஹுன்னா நம்மள்ல சிலருக்கு ஞாபகம் வரும், 2000ல ஐ.நா. படையோட போன நம்ம இந்திய ஜவான்கள் 200 பேருக்கு மேல ரெண்டு மாசத்துக்கும் மேல முற்றுகையில மாட்டிக்கிட்டாங்களே, ஆபரேஷன் குக்ரி நடத்தி மீட்டாங்களே, அதே ஊர் தான். கை வெட்டுனது, சின்னப் பசங்கள கடத்திட்டுப் போய் துப்பாக்கிய குடுத்தது எல்லாம் நீங்களே எழுதிட்டீங்க. ஆனா ஆயுதத்த கீழ வச்ச 70,000க்கும் மேற்பட்டவங்க அப்புறம் எங்க போனாங்க? நெறைய பேர் அவங்கவங்க ஊருக்குத் தான் திரும்பிப் போனாங்க. 1999ல அரசும் ஆர்.யூ.எஃப்.பும் போட்ட லோமே சமாதான ஒப்பந்தத்துலயே பொது மன்னிப்பு குடுத்தாச்சு, போர்க் குற்றத்த விசாரிக்க ஐ.நா.வும் அந்த நாட்டு அரசும் சேந்து அமைச்ச ஸ்பெஷல் கோர்ட் பெரிய தலைங்க 13 பேர் மேல தான் கேஸ் போட்டுச்சு, உண்மை அறியும் கமிஷன் மாவட்டத் தலைநகர்ல ஒரு வாரம் உக்காந்து விசாரிச்சிட்டு அடுத்த மாவட்டத்துக்குப் போயிடுச்சு. அப்ப வீட்ட கொளுத்துனவனும் வீட்ட பறிகொடுத்தவளும் தெனமும் ஒரே பாதையில எதிர எதிர நடக்கணும், சந்தையில ஒருத்தர ஒருத்தர் பாக்கணும், பேச்சு மட்டும் கெடையாது. அப்படியே வருஷக்கணக்கா போயிருக்கு.

இந்த எடத்துல தான் 2007ல ஜான் கால்கர்ன்ற சியரா லியோன் மனித உரிமைக்காரர் ஃபம்புல் டோக்னு ஒண்ண ஆரம்பிச்சாரு. அந்த நாட்டு ஜனங்க பேசுற கிரியோ மொழியில அதுக்கு குடும்பப் பேச்சுன்னு அர்த்தம், வீட்டுக்குள்ள சண்டை வந்தா ராத்திரி தீ மூட்டி சுத்தி உக்காந்து பேசித் தீக்குறது அங்க பழைய வழக்கம். அத தான் ஊர் அளவுக்கு கொண்டு வந்தாங்க. மொதல்லயே கேமராவோட போய் எறங்கல, பல மாசம் ஊர்த்தலைவர், இமாம், பாஸ்டர், பொண்ணுங்க, எளந்தாரிங்கன்னு எல்லார்கிட்டயும் பேசி, உங்களுக்கு இது வேணுமா வேண்டாமான்னு கேட்டு, ஊரே சம்மதிச்சா தான் தேதி குறிக்கிறது. ராத்திரி தீய சுத்தி ஊரு கூடும், பாதிக்கப்பட்டவங்க எழுந்து நடந்தத சொல்லுவாங்க, செஞ்சவன் அந்தக் கூட்டத்துலயே இருப்பான், முன்னாடி வந்து ஆமா நான் தான் செஞ்சேன்னு சொல்லி மன்னிப்பு கேப்பான். அவனும் பல தடவ பத்து பன்னெண்டு வயசுல கடத்தப்பட்டவன் தான்றத மறக்கக் கூடாது, அவன ஊர் ஏத்துக்கலன்னா அவன் வேற எங்க போவான். மறுநாள் முன்னோருக்கு படையல் போட்டு, சேந்து சாப்ட்டு, ஆடுவாங்க. அப்புறம் ஊர்ப் பொதுவுல ஒரு நிலத்துல சேந்து பயிர் வைக்கிறது, அமைதித் தாய்மார்னு பொண்ணுங்க குழு, தகராறு வந்தா ஒரு மரத்தடியில உக்காந்து தீக்குறதுன்னு தொடரும். அங்க நெலத்துல சேந்து வேலை செய்றது தான் எனக்கு ரொம்பப் பெருசா படுது, மன்னிச்சேன்னு வாயால சொல்றது ஒரு ராத்திரி வேலை, பக்கத்துல நின்னு களை எடுக்குறது வருஷம் முழுக்க.

ஆனா இன்னொண்ணும் சொல்லியாகணும், இத யாரும் எழுத மாட்டேங்குறாங்க. 200 கிராமத்த எடுத்து, பாதியில இந்த நிகழ்ச்சிய நடத்தி மீதியோட ஒப்பிட்டுப் பாத்த ஒரு ஆய்வு 2016ல சயன்ஸ் இதழ்ல வந்துச்சு. நடந்த ஊர்கள்ல மன்னிக்கிற மனசு கூடிருக்கு, பழைய போராளிங்க மேல நம்பிக்கை கூடிருக்கு, ஊர்ப் பொதுக் காரியத்துக்கு ஜனங்க அதிகமா உழைச்சிருக்காங்க. அதே ஜனங்களுக்கு மனச்சோர்வு, பதட்டம், போர் நினைவு வந்து ஆட்டுற நோய் எல்லாமும் கூடிருக்கு, கிட்டத்தட்ட ரெண்டரை வருஷம் கழிச்சு போய்ப் பாத்தப்பவும் அப்படியே இருந்துருக்கு.

நான் ஒரு மனநல கிளினிக்ல கவுன்சிலரா இருக்கேன், இத படிச்சப்ப எனக்கு ஆச்சரியம் வரல, பயம் தான் வந்துச்சு. புண்ண தெறந்து காட்ட சொல்லிட்டு கட்டுப் போடாம போனா சீழ் பிடிக்கத் தான் செய்யும். ஊருக்கு நல்லது நடந்துச்சு, அதோட வெலைய அந்தப் பாதிக்கப்பட்ட பொம்பள தனியா ராத்திரி தூக்கம் வராம குடுக்குறா. மனநல டாக்டர்களே விரல் விட்டு எண்ணுற அளவு தான் இருக்குற நாடு அது, அவ யார்கிட்ட போவா? இதுக்காக இத நிறுத்திடணும்னு நான் சொல்லவே மாட்டேன், நிறுத்துனா அந்த ஊமைத்தனம் தான் திரும்ப வரும். தீ அணைஞ்ச பிறகு ஒரு ரெண்டு மூணு வருஷம் கூட இருந்து பேசுறதுக்கு, அந்த அமைதித் தாய்மாருக்கே பயிற்சி குடுத்து உக்கார வைக்கிறதுக்கு, காசு குடுக்குற நாடுங்க அந்த நிகழ்ச்சிக்கான பட்ஜெட்லயே பணம் ஒதுக்கணும். ஸ்பெஷல் கோர்ட்டுக்கு கோடி கோடி டாலர் குடுத்த நாடுங்க தானே, அவங்களால முடியாதது இல்ல.

சார், அந்தப் போர் ஆரம்பிச்ச நாள் மார்ச் 23. அடுத்த வருஷம் அந்தத் தேதியில கைலாஹுன் கிராமங்களப் பத்தி ஒரு பக்கம் ஒதுக்குங்க, டெய்லர் போட்டோ வேண்டாம், அந்தப் பொதுநெலத்துல நெல்லு அறுக்குறவங்க போட்டோ போடுங்க.

இப்படிக்கு,
உங்க பல வருஷ வாசகி,
திருச்சி