சிக்கிய வண்டியை மீட்கும் கருவிகள்: சண்முகத்திற்கு ஒரு கடிதம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து தங்கை மறுபடியும் படியேறத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் மனம் நிம்மதியடைந்தது. இங்கே அனைவரும் நலம். பேத்தி நடக்கப் பழகிவிட்டதால், வீட்டில் கைக்கு எட்டும் உயரத்தில் எந்தப் பொருளும் மிஞ்சவில்லை.

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வாங்கிவிட்டாய் என்பதில் எனக்கு மகிழ்ச்சியும் கொஞ்சம் பொறாமையும் உண்டு. வண்டி வாங்கியதிலேயே கையிருப்பு கரைந்துவிட்டது, எஞ்சிய பணத்தில் வின்ச் (வண்டியில் பொருத்தி, கயிற்றை உருளையில் சுருட்டி இழுக்கும் மின்கருவி) வாங்குவதா, அல்லது ஒரே பையில் எல்லாவற்றையும் போட்டு விற்கிற மீட்புத் தொகுப்பை வாங்குவதா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்; உன் மகனும் படிக்கட்டும், வண்டியை அதிகம் ஓட்டப்போவது அவன்தானே.

எந்த மீட்புக் கருவியைப் பார்த்தாலும், இது உடைந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் யோசி. மண்வெட்டியின் பிடி முறிந்தால் வேலை தாமதமாகும், டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் நின்றுபோனால் குறைந்த காற்றோடு மெல்ல ஊர்ந்து வீடு வர வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் முழு இழுவிசை ஏறியிருக்கும்போது, இழுக்கும் பட்டையை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிள் என்ற இரும்பு வளையமோ, அது மாட்டியிருக்கும் கொக்கியோ அறுந்தால், அந்த இரும்பு கண்ணாடியைத் துளைத்து உள்ளிருப்பவரின் உயிரைப் பறிக்கும் வேகத்தில் வந்து விழும். எனவே சிக்கனத்தை முதல் வகைப் பொருள்களில் தாராளமாகக் காட்டலாம்; இரண்டாவது வகையில் குறைவாக வாங்கினாலும் தரமானதை வாங்க வேண்டும். மீட்புத் தொகுப்புகள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கின்றன: கையுறையும் பையும் பார்க்க அழகாக இருக்கும், ஷேக்கிளில் தாங்குதிறன் பொறித்திருக்காது.

முதல் வகையில் முதலிடம் மண்வெட்டிக்கு. சக்கரத்தின் பாதி வரை சேற்றில் இறங்கிய வண்டியை வெளியே இழுக்க ஏறக்குறைய வண்டியின் எடைக்குச் சமமான விசை தேவைப்படும் என்பதும், சேறு மட்கார்டு வரை ஏறிவிட்டால் அது இருமடங்காகும் என்பதும் ராணுவ மீட்புப் பணியில் பின்பற்றப்படும் தோராயக் கணக்கு. அப்படியானால் கால் மணி நேரம் குனிந்து தோண்டுவதால் குறைகிற இழுவிசை, விலை உயர்ந்த எந்தக் கருவியாலும் எளிதில் ஈடுசெய்ய முடியாத அளவுக்குப் பெரியது. சக்கரத்துக்கு முன்னால் ஒரு சரிவு வெட்டி, அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் உருண்டையையும் சேஸிஸ் எனும் அடிச்சட்டத்தின் அடிப்பாகத்தையும் மண்ணிலிருந்து விடுவித்தாலே, பல நேரங்களில் வண்டி தானாகவே நகர்ந்துவிடும். மடக்கு மண்வெட்டி வாங்காதே. அதன் குட்டையான பிடி வண்டிக்கு அடியில் எட்டாது. தோட்டத்தில் பயன்படும் நீண்ட பிடியுள்ள சாதாரண மண்வெட்டியே போதும், அது ஒருவேளை உன் வீட்டிலேயே இருக்கும்.

அடுத்தது காற்று. சாலையில் 32 பி.எஸ்.ஐ. அளவில் ஓடும் டயரை மணலில் 16 முதல் 18 வரை இறக்கினால், டயர் தரையில் பதியும் பரப்பு நீளவாக்கில் கூடி, வண்டி மணலுக்குள் புதைவது குறைகிறது. பலர் சிக்கிய பிறகே காற்றை இறக்குகிறார்கள். மணலுக்குள் நுழையும் முன்பே இறக்கிவிட்டால் சிக்கும் வாய்ப்பே வெகுவாகக் குறையும். இதற்கு நம்பகமான காற்றழுத்தமானி ஒன்று வேண்டும். திரும்பச் சாலைக்கு வந்ததும் காற்றை நிரப்ப ஒரு சிறிய கம்ப்ரசர் வேண்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வகையை விட, பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் வகையைத் தேர்ந்தெடு. அந்தத் துளையின் ஃபியூஸ் குறைந்த மின்னோட்டத்தையே அனுமதிக்கும் என்பதால், பெரிய டயர்களை நிரப்புவதற்குள் பொறுமை போய்விடும். எஞ்சினை ஓடவிட்டபடியே கம்ப்ரசரை இயக்க வேண்டும் என்பதையும், மலிவானவை விரைவில் சூடேறுவதால் டயருக்கு டயர் சற்று ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதையும் மகனிடம் சொல். குறைந்த காற்றில் வேகமாகப் போகவோ சட்டென்று திருப்பவோ கூடாது. டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும்.

சக்கரத்துக்கு அடியில் செருகும், பற்களுள்ள பிடிமானப் பலகைகள் பற்றியும் கேட்டிருந்தாய். ஆஸ்திரேலியாவின் மேக்ஸ்ட்ராக்ஸ் போன்றவை நன்கு உழைக்கும், விலையும் அதற்கேற்ப உண்டு. மலிவான பலகைகளின் குறை பெரும்பாலும் பற்களில்தான்: சக்கரம் ஓரிடத்திலேயே வேகமாகச் சுழன்றால், உராய்வுச் சூட்டில் பற்கள் உருகி மழுங்கிவிடும். ஆனால் அதில் பாதிக் குற்றம் ஓட்டுபவருடையது. பலகையைச் சக்கரத்துக்கு அடியில் நன்றாகச் செருகி, முதல் கியரில் மிக மெதுவாக ஏற்றினால், சுமாரான பலகையும் பல ஆண்டுகள் நீடிக்கும். எனவே இதில் மலிவானதை வாங்குவதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். பலகைகள் சேற்றுக்குள் புதைந்து காணாமல் போகாதபடி ஒவ்வொன்றிலும் நல்ல நிறமுள்ள கயிறு ஒன்றைக் கட்டிவை. சக்கரம் அதைப் பின்னால் வீசியெறியக்கூடும் என்பதால் வண்டிக்கு நேர்பின்னே யாரும் நிற்கக் கூடாது.

இனி இழுக்கும் கருவிகள். இங்கேதான் கவனம் முழுவதும் தேவை.

வண்டி இழுக்கும் பட்டை என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. பாலியெஸ்டரால் ஆன டோ ஸ்ட்ராப் அதிகம் நீளாது. பழுதான வண்டியைச் சாலையில் நிதானமாக இழுத்துச் செல்ல மட்டுமே அது ஏற்றது. நைலானால் ஆன ஸ்நாட்ச் ஸ்ட்ராப் ஏறத்தாழ 20 சதவீதமும், இரட்டைப் பின்னலுள்ள கைனெட்டிக் கயிறு 30 சதவீதம் வரையும் நீண்டு, இழுக்கும் வண்டியின் இயக்க ஆற்றலைத் தன்னுள் வாங்கிச் சிக்கிய வண்டிக்குப் படிப்படியாகக் கொடுக்கும். டோ ஸ்ட்ராப்பைக் கட்டிவிட்டு ஓடிவந்து இழுத்தால், அந்த அதிர்ச்சி முழுவதும் கொக்கியின் மீது விழும். நீ வாங்க வேண்டியது ஸ்நாட்ச் ஸ்ட்ராப். கைனெட்டிக் கயிறு இன்னும் மென்மையாக இழுக்கும், நீண்ட காலம் உழைக்கும், ஆனால் விலை கூடுதல் என்பதால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பட்டையின் குறைந்தபட்ச அறுபடு வலு, இரண்டு வண்டிகளில் எடை குறைந்ததன் மொத்த எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்க வேண்டும்: 2,500 கிலோ வண்டிக்கு 5,000 முதல் 7,500 கிலோ வரை. வலு மிகுதியாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அளவுக்கு மீறித் தடித்த பட்டை போதுமான அளவு நீளாது, அப்போது அது டோ ஸ்ட்ராப்பைப் போலவே வெட்டி இழுக்கும்.

எண்களைப் படிப்பதில் விற்பனையாளர்களின் ஒரு தந்திரத்தையும் தெரிந்துகொள். 20,000 என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள், அது பவுண்டு கணக்கு. கிலோவில் சுமார் 9,070 மட்டுமே. அதைவிடப் பெரிய குழப்பம் ஷேக்கிளில் உண்டு. பட்டையில் எழுதியிருப்பது அது அறுந்துபோகும் வலு. நல்ல ஷேக்கிளில் பொறித்திருப்பதோ பாதுகாப்பாகத் தாங்கும் பணிச்சுமை, உடையும் வலு அதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே 4.75 டன் என்று இரும்பிலேயே பொறிக்கப்பட்ட ஒரு வில் ஷேக்கிள், உடையும் வலுவைப் பெரிதாகத் தாளில் மட்டும் ஒட்டி விற்கும் இன்னொன்றை விடப் பன்மடங்கு நம்பகமானது. பொறிப்பு இல்லாத ஷேக்கிளை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதே. மென் ஷேக்கிள் என்கிற கயிற்று வகை எடை குறைந்தது, அறுந்தாலும் இரும்பைப் போல உயிருக்கு உலை வைக்காது. கூரான விளிம்பில் உராய்வதும் சூடும்தான் அதற்குப் பகை.

இவை அனைத்தும் வண்டியில் எங்கே மாட்டப்படுகின்றன என்பதுதான் மிக முக்கியம். பழைய வண்டிகளில் முன்புறம் தொங்கும் மெல்லிய வளையங்கள், கப்பலிலும் லாரியிலும் ஏற்றும்போது வண்டியைக் கட்டி நிறுத்துவதற்காக வைக்கப்பட்டவையாக இருக்கலாம். இழுக்க அவை உதவாது. டிரெய்லர் மாட்டும் டோ பாலில் பட்டையை ஒருபோதும் மாட்டக் கூடாது. அந்த உருண்டை கழுத்தில் முறிந்து பீரங்கிக் குண்டு போலப் பாய்ந்து, மனிதர்களைக் கொன்றிருக்கிறது. சேஸிஸோடு உயர்வலுப் போல்ட்டுகளால் இணைக்கப்படும், தாங்குதிறன் குறிக்கப்பட்ட மீட்புக் கொக்கிகளை முன்னும் பின்னும் பொருத்துவதுதான் நீ செய்ய வேண்டிய முதல் பெரிய செலவு. உன் பணத்தில் பாதி இதற்கே போனாலும் வருந்தாதே.

இழுக்கும்போது பட்டையின் நடுவில் கனமான போர்வை ஒன்றைப் போட்டுவை. வேடிக்கை பார்ப்பவர்கள் பட்டையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு அப்பால் பக்கவாட்டில் நிற்கட்டும். இரண்டு பட்டைகளை இணைக்க நேர்ந்தால் நடுவில் ஷேக்கிள் போடாதே. ஒன்றின் முனையிலுள்ள கண்ணியை மற்றொன்றின் கண்ணிக்குள் கோத்து, இறுகிப் போகாமலிருக்க இடையில் சுருட்டிய செய்தித்தாளைச் செருகினால் போதும். வேகத்தைக் கூட்டினால் வேலை முடியும் என்று இளைஞர்கள் நினைப்பார்கள். வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை மகன் பள்ளியில் படித்திருப்பான். அதை அவனுக்கு நினைவுபடுத்து.

வின்ச்சை ஏன் தள்ளிப்போடச் சொல்கிறேன் என்றால், வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுக்கும் வின்ச்சும், அதைத் தாங்கும் பம்பரும், அது உறிஞ்சும் பல நூறு ஆம்பியருக்கு ஈடுகொடுக்கும் பேட்டரியும் சேர்ந்துதான் அதன் உண்மையான விலை. அதிலும் அறிவிக்கப்பட்ட திறன் உருளையில் முதல் சுற்றுக் கயிறு மட்டும் இருக்கும்போதுதான் கிடைக்கும். சுற்றுகள் கூடக்கூட இழுவிசை குறையும். தனியாகப் போகப்போவதில்லை, இன்னொரு வண்டி உடன் வரும் என்றால் பட்டையே போதும். தனியாகத்தான் போவேன் என்று நீ அடம்பிடித்தால், கையால் இயக்கும் கம்பிவட இழுவைக் கருவி ஒன்றை வாங்கு. டிர்ஃபோர் என்று அழைக்கப்படும் இந்த வகை மெதுவானது, எடை மிகுந்தது, ஆனால் மின்சாரம் கேட்காது, முன்னும் பின்னும் இழுக்கும். அதோடு ஒரு கப்பியும், மரத்தைக் காயப்படுத்தாத அகலமான பட்டையும் சேர்த்துக்கொள். கப்பியை வண்டியில் மாட்டி வடத்தைத் திரும்பக் கொண்டுவந்து கட்டினால் இழுவிசை ஏறக்குறைய இருமடங்காகும், வேகம் பாதியாகும். உயரமான பண்ணை ஜாக் பார்க்கக் கம்பீரமாக இருந்தாலும் இப்போது வேண்டாம்; அதன் நெம்புகோல் நழுவினால் தாடையைப் பெயர்த்துவிடும், பிளாஸ்டிக் பம்பர் உள்ள வண்டியில் அதைக் கொடுத்துத் தூக்க இடமும் கிடையாது. வண்டியோடு வந்த ஜாக்கின் கீழ் தடித்த பலகைத் துண்டு ஒன்றை வைத்தால் சேற்றிலும் அது இறங்காது.

அடுத்த கடிதத்தில் இரண்டு செய்திகளை மறக்காமல் அனுப்பு. ஓட்டுநர் கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ உள்ள தகட்டில் குறித்திருக்கும் வண்டியின் மொத்த எடை ஒன்று. முன்னும் பின்னும் சேஸிஸின் முனைகளை அடியிலிருந்து எடுத்த படங்கள் மற்றொன்று. துரு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்காமல் எந்தக் கொக்கி பொருந்தும் என்று நான் சொல்ல முடியாது. அதுவரை மண்வெட்டியும் காற்றழுத்தமானியும் மட்டும் வாங்கி வண்டியில் போட்டுவை.

தங்கைக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் பழைய நண்பன்
இராமநாதன்