படகு டிரெய்லர் துள்ளல்: அச்சு ஸ்பிரிங்கை மாற்றித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு
(பெயரும் தொலைபேசி எண்ணும் விற்பனை ரசீதில் உள்ளவாறு)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் நிறுவனத்திடம் நான் வாங்கிய ஒற்றை அச்சுப் படகு டிரெய்லர், படகை ஏற்றி இழுக்கும்போது விடாமல் துள்ளுகிறது. இதைப் பலமுறை தங்கள் சேவைப் பிரிவுக்குத் தெரிவித்து, அவர்கள் சொன்ன ஒவ்வொன்றையும் செய்து பார்த்துவிட்டேன். அச்சில் பொருத்தியிருக்கும் பட்டை ஸ்பிரிங் (இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது) என் படகின் எடைக்குப் பொருந்தாதது என்பது இப்போது தெளிவாகிவிட்டதால், அதைத் தங்கள் செலவில் மாற்றித் தரும்படி கேட்டு இக்கடிதத்தை எழுதுகிறேன்.

குடும்பத்தோடு மீன் பிடிக்கப் போகும்போது பத்து காவானிலிருந்து பினாங்கின் இரண்டாவது பாலத்தின் வழியாகத்தான் பத்து மாவுங்குக்குப் படகைக் கொண்டு செல்கிறேன். 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் இணைப்பு இடைவெளி வரும் ஒவ்வொரு முறையும் டிரெய்லர் மேலே எழும்பி விழுகிறது. அந்த அதிர்ச்சி இழுவைக் கொக்கி வழியாகக் காரின் பின்பகுதியைத் தூக்கிப் போடுகிறது. பின்னால் வேறு காரில் வந்த என் தம்பி, சக்கரம் சாலையை விட்டு எழும்புவதைப் பார்த்துப் பதறிப்போய் உடனே தொலைபேசியில் அழைத்தார். அவருடன் வந்தவர் எடுத்த காணொளியை இத்துடன் அனுப்பியுள்ளேன்.

கொக்கியின் மீது விழும் எடை போதாது என்பது தங்கள் ஊழியர் தந்த முதல் விளக்கம். அந்த எடை குறைந்தால் டிரெய்லர் பக்கவாட்டில் வாலாட்டும் என்பது உண்மைதான். ஆனால் என் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடவே இல்லை, மேலும் கீழுமாகத்தான் குதிக்கிறது. இருந்தாலும் அவர் சொன்னதை மதித்து, உடல் எடை பார்க்கும் தராசின் மேல் கட்டையை நிறுத்தி, காரில் பூட்டும் அதே உயரத்தில் கொக்கியை வைத்து அளந்தேன். 85 கிலோ காட்டியது. எடைமேடையில் படகு, எஞ்சின், எரிபொருள், டிரெய்லர் அனைத்தும் சேர்ந்து 940 கிலோ இருந்தன. ஆக, மொத்த எடையில் சுமார் 9 சதவீதம் கொக்கியின் மேல் இருக்கிறது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து சக்கரங்களைச் சந்தேகித்தார்கள். டயர் கடையில் இரண்டையும் கழற்றிச் சமநிலை பார்த்து, ரிம் வளைந்திருக்கிறதா என்று சுழற்றியும் பார்த்தார்கள்; பேரிங்கில் ஆட்டமில்லை, ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளும் இறுக்கமாகவே இருந்தன. சமநிலை தவறிய சக்கரம் என்றால் குறிப்பிட்ட ஒரு வேகத்தில், வழவழப்பான சாலையிலும் அதிர வேண்டும். இதுவோ மேடு பள்ளம் வரும் இடத்தில் மட்டும், எந்த வேகத்திலும் துள்ளுகிறது. காற்றழுத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டுள்ள 65 பிஎஸ்ஐ அளவுக்கு எப்போதும் நிரப்புங்கள் என்று விற்பனையின்போது சொல்லப்பட்டது. அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச எடைக்குரிய அழுத்தம். அதைவிட மிகக் குறைந்த எடைக்கும் அதே அழுத்தத்தை வைத்தால் டயர் கல்லாகிவிடும். டயர் நிறுவனத்தின் எடை அட்டவணையைப் பார்த்து 40க்குக் குறைத்தபோது அதிர்வின் கடுமை சற்றுத் தணிந்தது, துள்ளல் நிற்கவில்லை.

இதற்குப் பிறகே டிரெய்லரை லாரி ஸ்பிரிங் பட்டறை ஒன்றுக்குக் கொண்டு சென்றேன். அங்கிருந்த மூத்த மெக்கானிக் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். ஸ்பிரிங்கின் பின்முனை, எடை ஏறி இறங்கும்போது தாங்கியின் மேல் முன்னும் பின்னுமாக வழுக்கி நகர வேண்டும். நகர்ந்திருந்தால் அந்த இடத்தில் பெயிண்ட் தேய்ந்து இரும்பு பளபளக்கும். அங்கே தொழிற்சாலையில் அடித்த கருப்புப் பெயிண்ட் கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. பட்டைகளுக்கு இடையில் படிந்திருந்த பெயிண்ட்டும் விரிசல் விடவில்லை. அதாவது, இத்தனை மாத ஓட்டத்தில் அந்த ஸ்பிரிங் வளையவே இல்லை.

வளையாததற்குக் காரணம் அச்சின் தகட்டிலேயே இருக்கிறது. அதன் தாங்குதிறன் 1,800 கிலோ. என் படகோடு அதன் மேல் இறங்கும் எடை 855 கிலோ, பாதிக்கும் குறைவு. காரில் இருப்பதுபோல் இந்த டிரெய்லரில் அதிர்வுத் தணிப்பான் கிடையாது. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதுதான் துள்ளலை அடக்க வேண்டும். ஸ்பிரிங் வளைந்தால்தானே அந்த உராய்வு ஏற்படும்? வளையாத ஸ்பிரிங் வெறும் இரும்புக் கட்டைதான். டயர் மட்டும் அமுங்கி, பந்துபோல் திருப்பி எறிகிறது. இதை உறுதி செய்ய, அச்சுக்கு நேர் மேலே படகுக்குள் 25 லிட்டர் தண்ணீர்க் கேன்கள் பன்னிரண்டை அடுக்கி, ஆளில்லாத தொழிற்பேட்டைச் சாலையில் மெதுவாக இழுத்துப் பார்த்தோம். 300 கிலோ கூடியதும் அதே வேகத்தடையில் துள்ளல் பெருமளவு அடங்கிவிட்டது. கேன்களை இறக்கியதும் மறுபடி குதித்தது.

வாங்குவதற்கு முன் படகின் நீளம், எஞ்சினின் குதிரைத்திறன், மொத்த எடை ஆகியவற்றை எழுத்து மூலமாகக் கொடுத்தேன். தங்கள் விற்பனைப் பிரதிநிதி அதைப் பார்த்துத்தான் இந்த மாடலைப் பரிந்துரைத்தார். பெரிய அச்சு என்றால் பாதுகாப்பு என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் சாலையைப் பிடிக்காத சக்கரம் பாதுகாப்பல்ல. மழை பெய்யும் பாலத்தில் என் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவரை நினைத்தால் எனக்கு அச்சமாகவே இருக்கிறது. படகின் அடிப்புறத்திலும் தாங்குகட்டை படும் இடத்தில் மேற்பூச்சு மயிரிழை விரிசல் விட்டிருக்கிறது.

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்குபவர் முன்கூட்டியே தெரிவித்த தேவைக்குப் பொருள் பொருந்த வேண்டும். எனவே, இந்த எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்குகளைத் தங்கள் செலவில் பொருத்தி, படகை ஏற்றிய நிலையில் என் முன்னிலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். பட்டறைக் கட்டணத்தையும் மேற்பூச்சைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும். மாற்ற இயலாதென்றால் டிரெய்லரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் தர வேண்டும். ரசீது, எடைமேடைச் சீட்டு, அச்சுத் தகட்டின் படம், பட்டறை அறிக்கை ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு தாக்கல் செய்வேன். அதுவரை டிரெய்லர் என் வீட்டு வாசலிலேயே நிற்கும். தங்கள் மெக்கானிக் எந்த நாளும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்