மைதானத்தை மீட்டுத் தந்த எல்லோருக்கும்

அன்புள்ள ஊரவர்களுக்கும் அயலூர்க் கழகங்களுக்கும் வணக்கம்.

தைப்பொங்கலை ஒட்டி நடத்தவிருந்த எங்கள் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி, மைதானத்தில் நின்ற தண்ணீரால் தள்ளித் தள்ளிப் போய், ஒருவழியாக மாசியில் நல்லபடியாக முடிந்தது. வென்ற அணிக்கும் தோற்ற அணிக்கும் அன்றைக்கே மேடையில் வாழ்த்துச் சொல்லிவிட்டோம். இந்த மடல் அந்த மேடையில் ஏறாதவர்களுக்கு. பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயர்கள் இல்லாமலே எழுதுகிறோம். யார் யார் என்று ஊருக்குத் தெரியும்.

முதல் நன்றி போட்டியை நிறுத்திய நடுவருக்கு. அவருக்கு அன்று ஒருவரும் நன்றி சொல்லவில்லை என்பதால்தான் முதலில் சொல்கிறோம்.

அன்று காலை மழை விட்டு வெயிலும் எட்டிப் பார்த்தது. ரோட்டில் நின்று பார்த்தால் புல் பச்சைப் பசேல் என்றுதான் தெரிந்தது. அணிகள் வந்து இறங்கிவிட்டன, பந்தல் போட்டாயிற்று, ஒலிபெருக்கியில் பாட்டும் போகிறது. அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஒரு கோல் கம்பத்திலிருந்து மற்றக் கோல் கம்பம்வரை தனியாக நடந்தார். நடு வட்டத்தில் நின்று பந்தைத் தோள் உயரத்திலிருந்து கீழே விட்டார். பந்து எழும்பவே இல்லை. சளக் என்று விழுந்த இடத்திலேயே கிடந்தது. வடக்குப் பக்கப் பெனால்டி எல்லைக்குள் போய் உருட்டிப் பார்த்தார். இரண்டு முழம் ஓடித் தண்ணீரில் நின்றுவிட்டது. சுண்ணாம்புக் கோடு இருந்த இடமே தெரியவில்லை.

எல்லோரும் அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். தூரத்திலிருந்து வாகனம் பிடித்து வந்தவர்களின் கோபம் நியாயமானதுதான். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "களியில கால் புதைஞ்சு நிக்கக்குள்ள உடம்பு மட்டும் திரும்பினா முழங்கால்தான் தம்பி போகும். நான் விசில் ஊத மாட்டன்" என்று மட்டும் சொன்னார். மைதானம் விளையாடத் தகுந்ததா இல்லையா என்று முடிவு சொல்லும் பொறுப்பு நடுவருடையது என்று ஆட்ட விதியே சொல்கிறது. விதி கையில் இருந்தாலும், அத்தனை பேருக்கு நடுவில் அதைச் சொல்லத் தைரியம் வேண்டும். அங்கே நின்ற பிள்ளைகள் பலர் இந்த வருடம் பரீட்சை எழுதுகிறவர்கள். அவர்களுடைய தாய்மார் சார்பிலும் அவருக்கு நன்றி.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக இருக்கும் எழுவான்கரைக் கழகங்களுக்கு எங்கள் நிலைமை முதலில் விளங்கவில்லை. அவர்கள் பக்கம் கடல் மணல், எவ்வளவு மழை பெய்தாலும் கொஞ்ச நேரத்தில் மண் குடித்துவிடும். நாங்கள் வாவிக்கு மேற்கே, படுவான்கரை. கொக்கட்டிச்சோலைப் பக்கமெல்லாம் வயல் மண், களி. மேலே ஒரு சாண் தண்ணீர் நின்றால் கீழே இறங்காது. வாவியும் நிறைந்து கிடந்தால் வடிச்சல் வாய்க்காலிலும் தண்ணீர் நகராது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்து வாவி மட்டம் இறங்கினால்தான் எங்கள் பக்கம் வடியத் தொடங்கும். 2011 தை மாத வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. போதாக்குறைக்கு, மேய்ச்சல்தரை தண்ணீரில் மூழ்கிப் போனதால் மாடுகள் மைதானத்தில் ஏறி நின்று, மிதித்த இடமெல்லாம் குழியாகித் தண்ணீர் கட்டியிருந்தது. சொன்ன உடனே மாடுகளைச் சாய்த்துக்கொண்டு போய் வேறு மேட்டில் கட்டிய பட்டிக்காரர்களுக்கும் நன்றி.

தண்ணீரை எந்தப் பக்கம் விடுவது என்பதுதான் பெரிய பிரச்சினையாக இருந்தது. மைதானத்தின் பள்ளமான மூலைக்கு அப்பால் வயல். பெரும்போக வேளாண்மை, பயிர் கதிர் வெளிவரப்போகும் குடலைப் பருவத்தில் நிற்கிறது. வயல்களுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்த்துக்கொள்ளும் வட்டவிதானை ஐயா வந்து, எந்த வாய்க்கால் அடைபட்டிருக்கிறது, எங்கே வெட்டினால் யாருக்கும் சேதம் இல்லை என்று ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோய்க் காட்டினார். வயல்கார மாமி, "தண்ணிய விடுங்க மனே, ஆனா என்ட வரம்ப மட்டும் உடைச்சுப் போடாதீங்க" என்றார். வரம்பில் கை வைக்காமல் மேலால் குழாய் போட்டுத்தான் தண்ணீரை வடிச்சலுக்கு இறக்கினோம். மாமி குடையைப் பிடித்துக்கொண்டு பொழுதுபடும்வரை அந்த வரம்பிலேயே நின்றார். இடைக்கிடை எங்களுக்குப் பிளேன்டீயும் அவர் வீட்டிலிருந்துதான் வந்தது. தன் ஒரு வருடச் சோற்றுக்குப் பக்கத்தில் எங்களை மண்வெட்டியோடு விட்டாரே, அதைவிடப் பெரிய உதவி என்ன இருக்கிறது?

எங்கள் ஊரில் இருந்த வாட்டர் பம்ப் ஒன்று பாதியில் நின்றுபோனது. காத்தான்குடியிலிருந்து ஒரு நானா (முஸ்லிம் அண்ணன்) தன்னுடைய பம்பை லேண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு மண்முனைப் பாலத்தால் வந்து சேர்ந்தார். டீசலும் அவருடையதே. காசு நீட்டினோம், கோபித்துக்கொண்டார். 2014இல் அந்தப் பாலம் திறக்கும்வரை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் படகில்தான் போய் வந்தோம் என்று பெரியவர்கள் அன்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். பாலம் இல்லாவிட்டாலும் அந்த நானா படகில் ஏற்றிக்கொண்டு வந்திருப்பார் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

பம்ப் இழுக்காத குழிகளைப் பழைய மெத்தைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி வாளியில் பிழிந்தவர்கள் பெண்கள் அணித் தங்கச்சிமார். பார்த்தால் சின்ன வேலை, குனிந்து செய்தவர்களுக்குத்தான் நாரி வலி தெரியும். அவர்களுக்கு இந்தச் சுற்றுப்போட்டியில் ஒரு ஆட்டம்கூட இல்லை. அடுத்த முறை கட்டாயம் இருக்கும், அதை இங்கேயே எழுத்தில் தருகிறோம்.

அப்புறம், ரோலரைக் கொண்டுவந்து உருட்டுவோம் என்று கிளம்பிய எங்களைத் தடுத்த பழைய விளையாட்டு வீரர் ஒருவர். ஈரக் களியில் ரோலரை உருட்டினால் மண் இறுகித் தண்ணீர் இன்னும் நிற்கும் என்று சொல்லி, தோட்ட வேலைக்கான பெரிய முள்ளுக்கரண்டியால் குத்தித் துளை போட வைத்து, மேலே மெல்லிதாக மட்டும் மணல் தூவ வைத்தார். வேலை பிந்தியது. ஆனால் இறுதிப் போட்டிக்கு முதல்நாள் இரவு பெய்த மழையிலும் மைதானம் தாங்கியது அதனால்தான்.

முதல் நாளுக்குச் சமைத்த சோற்றைப் பார்சல் கட்டி, வெள்ளத்தால் பாடசாலையில் தங்கியிருந்த குடும்பங்களுக்கு அனுப்பலாம் என்று சொன்னவர்கள் சமைத்த அக்காமார்தான். நாங்கள் யோசித்து முடிக்கும் முன்னமே சட்டிகள் ஏறிவிட்டன. பந்தல்காரரும் ஒலிபெருக்கிக்காரரும் நடக்காத நாட்களுக்குக் கூலி வாங்கவில்லை. கடற்கரைப் பக்கக் கழகம் ஒன்று தங்கள் மணல் மைதானத்தைத் தந்திராவிட்டால் முதல் சுற்று ஆட்டங்கள் இன்னும் பிந்தியிருக்கும். கல்முனை, காரைதீவுப் பக்கமிருந்து திரும்பவும் வாகனச் செலவு செய்து வந்த அணிகளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஒரு அணியாவது விலகியிருந்தால் அட்டவணையே குழம்பியிருக்கும். ஒருவரும் விலகவில்லை.

சரி, கடைசியாக இரண்டு விடயம். வரவு செலவுக் கணக்கு கழக அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கிறது, வந்து பாருங்கள். வேலைக்குக் கொண்டுவந்த மண்வெட்டிகளும் வாளிகளும் ஒரு நீலத் தார்ப்பாயும் இன்னும் எங்களிடம்தான் இருக்கின்றன. உரியவர்கள் பின்னேரத்தில் வந்து எடுத்துக்கொள்ளலாம், வர முடியாதவர்கள் சொல்லி அனுப்பினால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம்.

மிக்க நன்றியுடன்,
செயலாளர்,
சுற்றுப்போட்டி ஏற்பாட்டுக் குழு சார்பில்