பாதிக் கிணறு தாண்டும் வேதியியல்

ஆசிரியருக்கு வணக்கம்.

மூலக்கூறு வாய்பாடுகளை மனப்பாடம் செய்துவிட்டால் உயர்நிலைப் பள்ளி வேதியியலில் பாதிக் கிணறு தாண்டிவிடலாம் என்று வாசகர் ஒருவர் அண்மையில் இப்பகுதியில் எழுதியிருந்தார். பாதிக் கிணறு தாண்டியவர் எங்கே விழுவார் என்பதையும் அவர் யோசித்திருக்கலாம்.

எந்த அணு எத்தனை இருக்கிறது என்பதை மட்டுமே வாய்பாடு சொல்லும். எது எதனோடு இணைந்திருக்கிறது என்று சொல்லாது. கார்பன் 4, ஹைட்ரஜன் 10 என்றால் என்ன பொருள்? இரண்டில் ஒன்று. நான்கு கார்பன்களும் வரிசையாக நின்றால் பியூட்டேன். மேசையிலேயே கொதிக்கவைத்து உண்ணும் ஸ்டீம்போட் விருந்துக்கு வைக்கிறோமே, அந்தச் சிறிய அடுப்பின் எரிவாயுக் குப்பியில் பெரும்பாலும் இருப்பது அதுதான். மூன்று வரிசையாக நிற்க, நான்காவது நடுவிலிருந்து கிளைத்தால் ஐசோபியூட்டேன். புதிய குளிர்பதனப் பெட்டிகள் பலவற்றில் ஆர்600ஏ என்று குறிக்கப்பட்டிருப்பது இதைத்தான். முன்னது ஏறக்குறைய 0 டிகிரி செல்சியசில் கொதிக்கும். பின்னது -12 டிகிரியில். கிளை விட்ட மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு குறைவு, ஈர்ப்பும் குறைவு, ஆகவே எளிதில் பிரிந்துவிடுகின்றன. ஒரே வாய்பாட்டைக் கொண்ட இத்தகைய வெவ்வேறு பொருள்களே ஐசோமர்கள்.

பன்னிரண்டு டிகிரி என்ன பெரிய வேறுபாடு என்பவர்களுக்கு இன்னொன்று. கைத்தூய்மித் திரவத்தில் உள்ள எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கிறது. அதே 2 கார்பன், 6 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் கொண்ட டைமெத்தில் ஈதரோ -24 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம் ஊர் வெயிலில் அது வாயு. ஆக்சிஜன் ஒரு ஹைட்ரஜனைப் பிடித்திருக்கிறதா, இரண்டு கார்பன்களுக்கு நடுவே நிற்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் சமையலறை வரைக்கும் இது வந்திருக்கிறது. பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த, அதாவது ஹைட்ரஜன் சேர்த்து ஓரளவு கெட்டியாக்கிய, எண்ணெய்களுக்குச் சிங்கப்பூர் 2021 ஜூன் மாதம் தடை விதித்தது. காரணம் அவற்றில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு. ஆலிவ் எண்ணெயில் நிறைந்திருக்கும் ஒலியிக் அமிலத்துக்கும் டிரான்ஸ் வகையான எலைடிக் அமிலத்துக்கும் வாய்பாடு ஒன்றே: கார்பன் 18, ஹைட்ரஜன் 34, ஆக்சிஜன் 2. இரு கார்பன்களுக்கு இடையிலுள்ள இரட்டைப் பிணைப்பின் இரு முனைகளிலும் உள்ள ஹைட்ரஜன்கள் ஒரே பக்கம் இருந்தால் அது ஒலியிக்; மூலக்கூறு வளைந்து நிற்கும், 13 டிகிரியிலேயே உருகும். எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் அது எலைடிக்; நேராக நீண்டு, நெருக்கமாக அடுக்கிக்கொண்டு, 45 டிகிரி வரை உருகாமல் இருக்கும். மனப்பாட வீரர்கள் இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவார்கள்?

என் அக்காள் மகள் செல்லும் துணைப்பாட வகுப்பில் கொடுத்த தாளைப் பார்த்தேன். 5 கார்பன் கொண்ட பென்டேனுக்கு 3 ஐசோமர்கள் என்று விடை அச்சாகியிருந்தது. வரைந்து பார்க்க ஒரு விரற்கடை இடம்கூட இல்லை. வரைந்தால்தானே பிள்ளைகள் தடுமாறும் இடம் தெரியும்? சங்கிலியை மடக்கி வரைந்துவிட்டுப் புதிய ஐசோமர் என்று எண்ணிவிடுகிறார்கள். ஒற்றைப் பிணைப்பு சுழலக்கூடியது. மடங்கினாலும் நிமிர்ந்தாலும் அது அதே பென்டேன்தான். மிக நீண்ட கார்பன் தொடரை விரலால் தொட்டு எண்ணினால் குட்டு உடைந்துவிடும்.

சாதாரண நிலைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் பயிற்சித்தாள் கட்டுகளைச் சற்றே ஒதுக்கிவிட்டு, பல்குச்சிகளையும் களிமண்ணையும் கொடுத்துப் பாருங்கள். 6 கார்பன் கொண்ட ஹெக்சேனுக்கு 5 வடிவங்கள் வர வேண்டும். ஆறாவது கிடைத்துவிட்டது என்று பிள்ளை கூவினால், அதைத் திருப்பிப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 10 கார்பன் கொண்ட டெக்கேன் பக்கம் மட்டும் போக வேண்டாம், அதற்கு 75.

முன்னாள் வேதியியல் ஆசிரியை,
ஈசூன்