கடலின் வயதும் உப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடலிலுள்ள உப்பை வைத்து அதன் வயது 9 கோடி ஆண்டுகள் எனக் கணித்த கதை உங்கள் மாணவர் பகுதியில் வந்திருந்தது. நல்ல விடயம்தான். ஆனால் கணக்கு எங்கே பிசகியது என்று சொல்லாமல் விட்டது பெரிய குறை. பிள்ளைகள் அதையே விடையாக எடுத்துக்கொள்வார்கள்.

இந்த யோசனையை 1715இல் முன்வைத்தவர் ஆங்கிலேய வானியலாளர் எட்மண்ட் ஹாலி. 1899இல் அயர்லாந்து விஞ்ஞானி ஜோன் ஜோலி, கடலிலுள்ள மொத்தச் சோடியத்தை (உப்பின் ஒரு கூறு) ஆறுகள் ஆண்டுதோறும் கொண்டுவரும் சோடியத்தால் வகுத்து அந்த 9 கோடியைப் பெற்றார். சரி, களனி கங்கை முகத்துவாரத்தில் கொண்டுவந்து சேர்ப்பதெல்லாம் கடலிலேயே தங்கிவிடுகிறதா? வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த வீடுகளின் யன்னல் கம்பிகளில், பெயின்ட் அடித்துக் கொஞ்ச நாளிலேயே துரு கிளம்பிவிடும். காற்றோடு கரையேறும் உப்பின் வேலை அது. இதை ஜோலியே ஓரளவு கழித்துத்தான் கணக்கிட்டார். அவர் போதிய அளவு கணக்கில் எடுக்காதது மற்றவற்றை: களிமண்ணும் கடலடிப் பாறைகளும் சோடியத்தைப் பிடித்துக்கொள்கின்றன, வற்றும் கடல்கள் உப்புப் படிவுகளாகின்றன. சுமார் 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடல் பெருமளவு வற்றியபோது படிந்த உப்பு, சில இடங்களில் ஒரு கிலோமீற்றருக்கும் மேலான தடிப்பில் இன்றும் அடியில் கிடக்கிறது.

ஆகவே ஜோலிக்குக் கிடைத்தது கடலின் வயதல்ல, சோடியம் கடலில் சராசரியாகத் தங்கும் காலம். கடலின் வயதோ 400 கோடி ஆண்டுகளை ஒட்டியது. அடுத்த வாரம் இதையும் ஒரு பத்தியாவது பிரசுரியுங்கள்.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6