சர்டிபிகேட்டை விடு, ஷாப் ஃப்ளோருக்கு வா: மெக்கானிக்கல் படிக்கும் என் சித்தி மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய இன்டர்ன்ஷிப் (விடுமுறைப் பயிற்சி) ஆஃபர் லெட்டரைப் படித்தேன். ரெஸ்யூம் கேட்கவில்லை, நேர்காணல் இல்லை, ஃபாரம் நிரப்பிய அன்று மாலையே தேர்வாகிவிட்டாய் என்று மெயில், கடைசி வரியில் பதிவுக் கட்டணம் 1,499 ரூபாய். கட்டாதே. வகுப்பில் பாதிப் பேர் கட்டிவிட்டார்கள் என்கிறாய், கட்டட்டும். வீட்டிலிருந்தபடியே ஒரு மாதம், வாரத்துக்கு ஒரு வீடியோ, முடிவில் க்யூஆர் கோடு போட்ட ஒரு தாள். நீ செய்த வேலையை ஒருவர்கூடப் பார்த்திருக்க மாட்டார். (சில பொதுத்துறை ஆலைகளில் இன்ப்ளாண்ட் ட்ரெயினிங்குக்குக் கட்டணம் வாங்குகிறார்கள். அது கல்லூரி வழியாக, ரசீதோடு நடப்பது. அதையும் இதையும் ஒன்றாக நினைத்துக்கொள்ளாதே.)

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் வருடா வருடம் உன்னைப் போல யாராவது இன்டர்ன்ஷிப்புக்கு எங்கே, எப்படிப் போவது என்றுதான் கேட்கிறார்கள், அதனால் உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கேயே எழுதிவிடுகிறேன். கோவையில் பம்ப் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் இருப்பவள் என்பதால், விடுமுறையில் வருகிற மாணவர்களைப் பார்த்துக்கொள்வதும் என் தலையில்தான் விழும். எனக்கு அது பிடித்த வேலை. யார் எதைக் கற்றுக்கொண்டு போகிறார்கள், யார் வந்த மாதிரியே திரும்பிப் போகிறார்கள் என்பதைக் கிட்ட இருந்து பார்க்க முடிகிறது.

முதலில் கல்லூரிக்கு என்ன வேண்டும் என்பதைத் தெரிந்துகொள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் மெக்கானிக்கலுக்கு ஆறாம் செமஸ்டர் முடிந்த விடுமுறையில் இரண்டு வாரம் இன்டர்ன்ஷிப், அதற்கு ஏழாம் செமஸ்டரில் ஒரு கிரெடிட். அவ்வளவுதான். இந்த ஒரு கிரெடிட்டுக்காகத்தான் எல்லோரும் ஏப்ரல் கடைசியில் பதறிப் போய்க் கிடைத்த இடத்தில் பணம் கட்டுகிறார்கள். இரண்டு வாரம் என்பது அங்கே இருக்கிறவர்களின் பெயர் பழகுவதற்கே சரியாகப் போய்விடும். விடுமுறை முழுவதும் வருகிறேன் என்று கேள். அப்படிக் கேட்கிற மாணவியை எந்த சூப்பர்வைசரும் ஒரு நிமிடம் நின்று பார்ப்பார்.

அப்புறம், எங்கே போவது. உன் கேள்வியே "பெரிய கம்பெனியா, சின்ன கம்பெனியா" என்பதுதான். நான் அதைக் கேட்கவே மாட்டேன். நீ செய்வதை தினமும் யார் பார்ப்பார், தப்பாக இருந்தால் யார் சொல்வார், அதை மட்டும்தான் கேட்பேன். பெரிய ஆலைகளில் முப்பது பேரைக் கூட்டமாக மஞ்சள் கோட்டுக்குள் நடக்கவைத்து, இது மெஷின் ஷாப், இது அசெம்பிளி என்று காட்டி அனுப்பிவிடுவதும் உண்டு. ஒரு நல்ல இன்ஜினியரிடம் ஒப்படைத்து, அவர் கூடவே அலையவிடுகிற பெரிய ஆலைகளும் உண்டு. கோவையில் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையிலோ கணபதியிலோ இருபது பேர் வேலை செய்கிற ஒரு யூனிட்டில் முதலாளியே லேத் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார், இரண்டாம் நாளே உன் கையில் நுண்ணளவு பார்க்கும் மைக்ரோமீட்டர் இருக்கும். அதே மாதிரி இன்னொரு யூனிட்டில் டீ வாங்கப் போகச் சொல்வார்கள். ஆகவே சேருவதற்கு முன்னால், "நான் யாரிடம் ரிப்போர்ட் பண்ண வேண்டும்?" என்று கேள். உடனே ஒரு பெயரைச் சொன்னால் சேர்ந்துவிடு. "வாங்க, பாத்துக்கலாம்" என்றால் வேறு இடம் தேடு.

தேடுவது எப்படி என்றால், போர்ட்டல்களை மட்டும் நம்பி உட்காராதே. ஏஐசிடிஇயின் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) இன்டர்ன்ஷிப் தளம் இலவசம், பதிந்து வை, தமிழக அரசின் நான் முதல்வன் தளத்தையும் பார். ஆனால் கோவையின் பட்டறைகளில் பல எந்தத் தளத்திலும் ஆள் கேட்டு விளம்பரம் போடுவதே இல்லை. 1969இல் தொடங்கிய கொடிசியா, அதற்கும் முன்னால் 1952இல் தொடங்கிய சீமா, இரண்டுமே தொழிலதிபர்களின் சங்கங்கள். யார் என்ன தயாரிக்கிறார்கள் என்பதை உறுப்பினர் பட்டியலில் பார்க்கலாம். கொடிசியா வளாகத்தில் இன்டெக் என்கிற இயந்திரக் கண்காட்சி நடக்கும்போது ஒரு நாள் முழுக்கப் போய் வா, பையில் ரெஸ்யூம் பிரதிகளோடு. ஸ்டாலில் நிற்பவர்களில் பலர் கம்பெனியின் உரிமையாளர்களே. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் குறைந்திருக்கும், அப்போது நின்று பேசலாம். உன் மெஷின் ஷாப் லேப் அசிஸ்டென்ட்டிடம் கேட்டாயா? எந்த சீனியர் எந்தப் பட்டறைக்குப் போனான், அங்கே என்ன செய்ய விட்டார்கள் என்பது ஹெச்.ஓ.டி.யைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அப்பாவுக்குப் போர்வெல் மோட்டார் விற்ற கடைக்காரரையும் விடாதே. நான்கு பம்ப் கம்பெனிகளின் சேல்ஸ் ஆட்கள் மாதா மாதம் அவர் கடைக்கு வந்து போகிறவர்கள். தெரிந்தவர் மூலம் கேட்பது தப்பு என்று நீ நினைக்கிறாய், எனக்குத் தெரியும். உள்ளே விடச் சொல்வது வரைக்கும்தான் அவர்கள் செய்ய முடியும், அதற்கு மேல் உன் கையில்தான் இருக்கிறது. எனவே கூச்சப்படாமல் கேள்.

மெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்களுக்கு வருகிற மெயில்களில் பெரும்பாலானவை ஒரே அச்சு. மதிப்பிற்குரிய ஐயா, நான் ஆர்வமும் கடின உழைப்பும் உள்ள மாணவி, வாய்ப்பு தந்தால் திறமையை நிரூபிப்பேன். இதில் எதை வைத்து உன்னை அடையாளம் காண்பது? இப்படி எழுது: எந்தக் கல்லூரி, எந்த செமஸ்டர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும், எங்கே தங்குவாய், கையில் என்ன தெரியும் (வெர்னியர், மைக்ரோமீட்டர் பார்க்கத் தெரியும், சாலிட்ஒர்க்ஸில் வரையத் தெரியும், சிஎன்சி புரோகிராம் படிக்க மட்டும் தெரியும் என்று உள்ளதை உள்ளபடி), அந்தக் கம்பெனியின் எந்தப் பொருளைப் பற்றிப் படித்தாய். பம்ப் கம்பெனி என்றால் சப்மெர்சிபிள் பம்ப் செட்டுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 8034. தரங்களை வெளியிடுகிற பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தளத்தில் பதிவு செய்தால் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அதைப் படித்துவிட்டு, "இதில் சொல்லியிருக்கிற பெர்ஃபார்மன்ஸ் டெஸ்ட்டை உங்கள் டெஸ்ட் பெட்டில் எப்படிச் செய்கிறீர்கள் என்று பார்க்க ஆசை" என்று ஒரு வரி எழுதினால் போதும், அந்த மெயிலை நான் மூடமாட்டேன். நீயே வரைந்த ஒரு டிராயிங்கை இணைத்து அனுப்பு, டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பது) போட்டு. ஜனவரி, பிப்ரவரியிலேயே அனுப்பத் தொடங்கு. ஒரு வாரம் பதில் இல்லையென்றால் போன் செய். காலையில் புரொடக்ஷன் மீட்டிங் ஓடும், பதினொரு மணிக்கு மேல் கூப்பிடு.

உனக்கு ஆராய்ச்சிப் பக்கம் மனம் போகிறது என்றால் வழி வேறு. மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்புக்கு முந்தைய வருடக் கடைசியிலேயே விண்ணப்பம் வாங்கிவிடுவார்கள். ஐஐடி மெட்ராஸ் சம்மர் ஃபெல்லோஷிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவர்களை இரண்டு மாதம் எடுப்பார்கள், ரேங்க் நன்றாக இருக்க வேண்டும். பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் பற்றிக் கேட்டிருந்தாய். 2024இல் அது தொடங்கியபோது இருந்த விதிப்படி 21 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய், ஆனால் முழுநேரப் படிப்பில் இருப்பவர்கள் சேர முடியாது. டிகிரி முடித்த பிறகு 1961ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டப்படி உதவித்தொகையோடு ஒரு வருடப் பயிற்சியும் இருக்கிறது, அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

சரி, இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போ. ஷால், வளையல், தொங்கல் எதுவும் வேண்டாம், சேஃப்டி ஷூ கட்டாயம். ஓடுகிற லேத், டிரில்லிங் மெஷின் பக்கத்தில் கையுறை போடவே கூடாது, மெஷின் கையுறையோடு கையையும் சேர்த்து இழுத்துவிடும். யாராவது போடச் சொன்னால்கூடப் போடாதே. அங்கே இருக்கிற டர்னர் அண்ணன்மார்களை அண்ணா என்று கூப்பிடு, தெரியாததைத் தெரியாது என்று கேள். சத்தத்தைக் கேட்டே டூல் தேய்ந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் அவர்கள். நம் ஊர்த் தொழிலே அப்படி வளர்ந்ததுதான். 1937இல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்த ஊரில் எலெக்ட்ரிக் மோட்டார் செய்தார்கள். அதே ஜி.டி.நாயுடு இன்ஜினியரிங்குக்கு நான்கு வருடம் எதற்கு, இரண்டு வருடம் போதும் என்று வாதாடி, அரசு கேட்காததால் கல்லூரிப் பொறுப்பையே விட்டுப் போனவர். அவர் சொன்னதை நான் முழுக்க ஏற்கவில்லை. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸைப் பொறுமையாகப் படித்தவளுக்குத்தான் பம்ப்பின் கர்வ் (தண்ணீர் அளவு கூடக் கூட ஏற்றும் உயரம் குறைவதைக் காட்டும் கோடு) ஏன் அப்படி விழுகிறது என்று புரியும். ஆனால் மெஷின் பக்கத்தில் நிற்காமலே டிகிரி வாங்குகிறார்களே என்கிற அந்தக் கோபம் நியாயமானது.

முதல் வாரத்தில் ரிஜெக்ஷன் ரிஜிஸ்டரை, அதாவது கழித்துவிட்ட பீஸ்களின் பதிவேட்டைக் கேட்டு வாங்கு. அந்த மாதம் எத்தனை காஸ்டிங் (வார்ப்பு) ப்ளோ ஹோலால் (வாயு அடைபட்டு விழும் ஓட்டையால்) போயிற்று, எத்தனை துளை அளவு தவறிப் போயிற்று என்று நீயே எண்ணி எழுது. எது அதிகம் என்று தெரிந்ததும் அந்த ஒன்றின் பின்னாலேயே போ. எங்களிடம் வந்த ஒரு மாணவி அப்படித்தான் செய்தாள். 50 மில்லிமீட்டர் துளை, எச்7 டாலரன்ஸ், அதாவது 25 மைக்ரான்தான் இடம் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஆபரேட்டர் அளந்தபோது சரியாக இருந்தவை இன்ஸ்பெக்ஷனில் சிறிதாக வந்துகொண்டிருந்தன. யார் அளந்தது தப்பு என்று இரண்டு பக்கமும் வாக்குவாதம். இவள் ஒரே பீஸை மெஷினிலிருந்து எடுத்ததும் அளந்தாள், பத்து நிமிடம் கழித்து அளந்தாள், ஒரு மணி நேரம் கழித்து அளந்தாள், எழுதி வைத்தாள். வார்ப்பிரும்பு 20 டிகிரி சூடாக இருந்தால் அந்த அளவுத் துளையில் ஏறக்குறைய 10 மைக்ரான் பெரிதாகக் காட்டும். ஆறினால் சுருங்கிவிடும். இருக்கிற 25இல் 10 அங்கேயே போயிற்று. வெப்ப விரிவை அவள் பள்ளியிலேயே படித்திருக்கிறாள், நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அவள் அதை ஒரு உண்மையான துளையில் பார்த்துவிட்டாள். அந்த ஒரு பக்க அட்டவணையை எங்கள் மேனேஜர் மீட்டிங்கில் எடுத்து வைத்துப் பேசினார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும், அதையும் சொல்ல வேண்டும். சில இடங்களில் மாணவர்களை வராத ஆபரேட்டருக்குப் பதிலாக மெஷினில் நிறுத்திவிடுவார்கள். எட்டு மணி நேரம் பீஸை மாட்டு, பட்டனை அழுத்து, கழற்று. ஒரு நாள் இரண்டு நாள் செய், அதிலும் கற்றுக்கொள்ள இருக்கிறது. வாரக்கணக்கில் அதுவே என்றால் அது கூலி கொடுக்காமல் வாங்குகிற வேலை, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேள். மாற்றவில்லையென்றால் கல்லூரி ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடு. உதவித்தொகை சின்ன யூனிட்டுகளில் பெரும்பாலும் இருக்காது. பஸ் செலவும் மதியச் சாப்பாடும் உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்.

சித்தியின் பயம் வேறு என்பது எனக்குத் தெரியும். பெண் பிள்ளை, பட்டறை, ஆண்கள் மட்டும் இருக்கிற இடம். பயம் நியாயமானதுதான், அதனால் போகாமல் இருக்க வேண்டியதில்லை, கேட்டுவிட்டுப் போக வேண்டும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா, வேறு பெண்கள் வேலை செய்கிறார்களா, ஜெனரல் ஷிப்ட்தானா, எத்தனை மணிக்கு விடுவார்கள். கேட்பதில் தப்பே இல்லை, நல்ல இடம் முகம் சுளிக்காது. 2013இல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பயிற்சிக்கு வருபவர்களுக்கும் பொருந்தும். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். சின்ன இடமாக இருந்து குழு இல்லையென்றால் மாவட்ட அளவில் இருக்கிற குழுவிடம் போகலாம். யாராவது ஒரு வார்த்தை தப்பாகப் பேசினாலும் அன்றைக்கே எனக்குப் போன் செய், கண்ணு. கிரெடிட் போய்விடுமோ என்று யோசிக்காதே.

ரிப்போர்ட்டில் கம்பெனி வரலாற்றை இணையத்திலிருந்து எடுத்து நாற்பது பக்கம் நிரப்பாதே. நீ அளந்தது, நீ எண்ணியது, நீ வரைந்தது இருந்தால் ஆறு பக்கம் போதும். டிராயிங்கையோ மெஷினையோ போட்டோ எடுப்பதற்கு முன் அனுமதி கேள், வாடிக்கையாளர் பெயர் இருக்கிற எதையும் லிங்க்ட்இனில் போடாதே. சர்டிபிகேட்டில் "வெற்றிகரமாக முடித்தார்" என்று மட்டும் இல்லாமல் என்ன வேலை செய்தாய் என்பதை ஒரு வரி எழுதித் தரச் சொல். கிளம்பிய பிறகும் தொடர்பை விட்டுவிடாதே. ஆயுத பூஜைக்கு ஒரு வாழ்த்து அனுப்பினால்கூட அவர்கள் உன்னை ஞாபகம் வைத்திருப்பார்கள், ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு அங்கேயே போய் நிற்கலாம்.

சித்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ரெஸ்யூமை ஒரே பக்கத்தில் சுருக்கி, அந்த கியர் பாக்ஸ் டிராயிங்கோடு எனக்கு அனுப்பு. டாலரன்ஸ் போடாமல் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன். கோவைக்கு வந்தால் எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம், ஹாஸ்டல் தேட வேண்டாம்.

அன்புடன்,
அக்கா