தரங்கம்பாடிக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அத்தையையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை தரங்கம்பாடி போவதாக எழுதியிருந்தாய். வெள்ளிக்கிழமை என்றால் வேண்டாம் என்றிருப்பேன், அன்றைக்குக் கோட்டை அருங்காட்சியகம் பூட்டியிருக்கும். சனிக்கிழமை சரி. ஏற்ற இறக்கம் இல்லாத நடை, சுற்றி வந்தால் இரண்டு கிலோமீட்டர்கூட வராது. அத்தையின் முழங்காலுக்கும் பயமில்லை. மயிலாடுதுறையிலிருந்து முன்பு அந்த ஊருக்கு ரயில் ஓடியது. 1986-ல் நிறுத்திவிட்டார்கள். அதனால் மயிலாடுதுறையில் இறங்கிப் பேருந்தோ காரோ பிடி, முப்பது கிலோமீட்டர்தான்.

கார் பிடித்தால் கோட்டை வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லாதே. ஊர் நுழைவாயிலிலேயே இறங்கிவிடுங்கள். அங்கிருந்து கடலைப் பார்த்து நடக்க நடக்க காலம் பின்னுக்குப் போகும். நுழைவாயில் 1792, ராஜா வீதியில் இருக்கிற இரண்டு தேவாலயங்கள் 1718, 1701, கோட்டை 1620, கடைசியில் அலையோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் 1306. காரில் கோட்டைக்குப் போய் இறங்குகிறவர்களுக்கு இந்த வரிசை பிடிபடாது.

மதியம் மூன்று மணிக்குக் கிளம்புவது உத்தமம். சூரிய உதயம் பார்க்கத்தான் பலரும் போகிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் கோட்டை திறந்திருக்காது, கடலைப் பார்த்தால் வெயிலும் நேராகக் கண்ணில் அடிக்கும். மாலையில் வெயில் முதுகுப் பக்கம் போய்விடும். கடல் நீலமாகத் தெரியும், கோட்டையின் மேற்குச் சுவர் மஞ்சள் வெளிச்சத்தில் நிற்கும்.

வீதியில் புதிய எருசலேம் தேவாலயத்துக்குள் கொஞ்ச நேரம் இருங்கள். 1706-ல் இங்கே வந்து இறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குவை அடக்கம் செய்தது அங்கேதான். தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் 1715-ல் இந்த ஊரில் அச்சானது. ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். காகிதத்துக்கும் பக்கத்துப் பொறையாற்றில் பட்டறை போட்டார்கள். கடுதாசிப்பட்டறை என்ற இடப்பெயர் அதிலிருந்து வந்ததுதான். பிள்ளைகளுக்கு இதைச் சொல், அவர்கள் படிக்கிற தமிழ்ப் புத்தகத்துக்கும் இந்தத் தெருவுக்கும் உறவு உண்டு.

தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு 1620-ல் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டியது டான்ஸ்போர்க் கோட்டை. 1845-ல் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். உள்ளே போனால் காட்சிப் பெட்டிகளோடு நின்றுவிடாதே, சுவரைக் கிட்டப் போய்ப் பார். உப்புக்காற்றின் ஈரம் செங்கல்லுக்குள் இறங்கிக் காயும்போது உப்பு உள்ளேயே படிகமாகும். இடம் போதாமல் செங்கல்லின் முகத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும். விரலால் தொட்டாலே மாவாக உதிரும் (உதிர்க்க விடாதே பிள்ளைகளை). சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, பூச்சு நிற்கும், பின்னால் செங்கல் கரையும். பழைய கட்டடத்தில் சிமெண்ட் ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றித்தான் அரிப்பு அதிகமாக இருக்கும்.

கோட்டையிலிருந்து வடக்கே கோயில் வரை கரையோரமாகவே போகலாம். காய்ந்த மணலில் நடக்காதே, ஐந்து நிமிடத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அலை வந்து போன ஈர மணல் கெட்டியாக இருக்கும். ஆனால் அது கடல் பக்கம் சரிந்திருப்பதால் வடக்கே நடக்கும்போது வலது கால் தாழ்ந்தே விழும், முழங்கால் வலிக்கு அது ஆகாது. அத்தையை உள் தெரு வழியாக அனுப்பு, கோயிலில் சேர்ந்துகொள்ளலாம். ஹவாய் செருப்பு ஈர மணலில் உருவிக்கொள்ளும், பின்வார் வைத்த செருப்பு போதும். ஐப்பசி கார்த்திகையில் அலை ஏறிவந்து நடக்க மணலே இல்லாமல் போவதுண்டு. அப்படி இருந்தால் எல்லோரும் தெரு வழியாகவே போங்கள்.

குளிக்க மட்டும் இறங்காதீர்கள். இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடைய, நடுவில் ஓர் இடம் மட்டும் கருத்து, அமைதியாகத் தெரியும். பிள்ளைகள் சரியாக அங்கேதான் இறங்கப் பார்ப்பார்கள். கரைக்கு வந்த தண்ணீர் சேர்ந்து திரும்பி ஓடும் வாய்க்கால் அது. யாராவது சிக்கினால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து விலக வேண்டும். அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களிலும் ஏறவிடாதே. பாசி வழுக்கும், இடுக்கில் கால் போனால் எடுப்பது கஷ்டம்.

ஓசோன் நிறைந்த கடற்கரை, மூச்சிழுத்தால் உடம்புக்கு நல்லது என்று யாராவது சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம், ஓசோன் நுரையீரலுக்கு ஆகாத வாயு. கடல் வாசனை என்று நாம் சொல்வது பெரும்பாலும் நுண்பாசிகளிலிருந்து வரும் கந்தகம் கலந்த வாயு. காற்று சுகமானது, அது போதும்.

கோயிலில் நிதானமாக நில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில். அங்குள்ள கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி என்ற குலசேகரப்பட்டினம். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோயில் கட்டியபோது கரை இன்னும் கிழக்கே இருந்தது, டேனிஷ்காரர்கள் காலத்து மதிலும் கடல் பக்கத்தில் இன்று இல்லை. அலை உடையும் இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டி, ஊர் அங்கேயும் இருந்தது என்று சொல்.

ஆறு மணிக்குள் தெரு வழியாக நுழைவாயிலுக்குத் திரும்பிவிடுங்கள். டார்ச் ஒன்று பையில் இருக்கட்டும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள், அத்தையின் மாத்திரையை மறக்காதே.

அன்புடன்,
அப்பா